எம்.எஸ். நோயும் மன அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதால் வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். நோயாளிகளும் மருத்துவர்களும் பேச்சில் எம்.எஸ். என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக வருகிறது. வேலை, திருமணம், குழந்தை, கடன் எல்லாம் ஒரே சமயத்தில் தோளில் ஏறும் வயது அது. நோயோடு சேர்ந்து வரும் மன அழுத்தம் குறித்து நோயாளிகளும் குடும்பத்தாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இவை பொதுவான விளக்கங்களே. எந்த மருந்தையும் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் முன் உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். அதனால்தான் இந்த நோய் வந்ததா?

அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. 1868-ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவாக வரையறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, நெடுநாள் துயரமும் மனக்கசப்பும் இதற்குக் காரணமாகலாம் என்று கருதினார். அந்த எண்ணம் இன்றுவரை ஓயவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. டென்மார்க்கில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த பெரிய ஆய்விலோ, வீட்டில் அனுபவித்த கடும் மன அழுத்தத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. ஆதாரம் வலுவாக உள்ள காரணிகள் வேறு. மரபணுக்கள், வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம், இளவயது உடற்பருமன் ஆகியவற்றோடு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றும் அவற்றுள் அடங்கும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு, இந்த வைரஸின் பங்கை மிக உறுதியாகக் காட்டியது.

ஆகவே, பரீட்சைக்கு இரவெல்லாம் கண்விழித்ததால் வந்தது, புகுந்த வீட்டுச் சண்டையால் வந்தது என்று குடும்பத்துக்குள் யார்மீதாவது பழியைப் போட வேண்டியதில்லை. நோயாளி தன்மீதே அந்தப் பழியைப் போட்டுக்கொள்வது இன்னும் கெடுதல்.

மன அழுத்தம் ரிலாப்ஸைத் தூண்டுமா?

ரிலாப்ஸ் எனப்படும் மறுதாக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2004-இல் வெளியான கட்டுரை, மன அழுத்தம் தரும் வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் பிறகு மறுதாக்கம் கூடுகிறது என்ற முடிவுக்கு வந்தது. எந்த நிகழ்வு, எந்த நோயாளிக்கு, எத்தனை நாளில் தாக்கத்தைக் கொண்டுவரும் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. தொடர்பு சராசரியில் தெரிகிறதே தவிர, தனி ஒருவரின் வாழ்க்கையில் கை வைத்துக் காட்டக்கூடியதாக இல்லை.

போர்க்காலப் பதிவுகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. 1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேல்மீது ஏவுகணைகள் விழுந்த நாட்களிலும் அடுத்த இரண்டு மாதங்களிலும், கவனிக்கப்பட்ட 32 நோயாளிகளிடம் மறுதாக்கங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தன. 2006-இல் இஸ்ரேலுக்கும் லெபனானுக்கும் இடையே நடந்த போரின்போதோ, எல்லையின் இருபுறத்து மருத்துவர்களும் மறுதாக்கம் கூடியதாகப் பதிவு செய்தனர். திடீரென்று வந்து விலகும் அபாயமும், மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும் நெருக்கடியும் உடலில் ஒரே விதமாக வேலை செய்வதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. திடீர் அச்சத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அழற்சியை அடக்கக்கூடியது. நெருக்கடி நீளும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் கார்ட்டிசாலுக்குக் கட்டுப்படுவது குறைந்துபோகிறது என்று கருதப்படுகிறது.

மனநல உதவியால் மூளையில் மாற்றம் தெரியுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 24 வாரங்கள் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி அளித்தனர். பயிற்சிக் காலத்தில் அப்பிரிவினரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புதிய புண்கள் குறைவாகத் தோன்றின. பயிற்சி நின்றபின் அடுத்த 24 வாரங்களில் அந்தப் பலன் நீடிக்கவில்லை. இந்தப் பின்பகுதியை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் எடுத்துச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மனப்பயிற்சி நோய் கட்டுப்பாட்டு மருந்துக்குத் துணையாகலாம். அந்த மருந்தின் இடத்தைப் பிடிக்காது.

டென்ஷன் ஆனால் கால் மரத்துப்போகிறது, பார்வை மங்குகிறது. இது ரிலாப்ஸா?

பெரும்பாலும் இல்லை. புதிய அறிகுறியோ, பழைய அறிகுறியின் தெளிவான மோசமாதலோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாத நிலையில், 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால்தான் மருத்துவர்கள் அதை ரிலாப்ஸ் என்று கணக்கில் எடுப்பார்கள். கோபத்தில் கத்திய பிறகு அரைமணி நேரம் கால் கனத்துக் கிடந்து, படுத்து எழுந்ததும் சரியாகிவிட்டால், அது முன்பே புண்பட்டிருக்கும் நரம்பிழை தற்காலிகமாகத் திணறுவது; புதிய சேதம் அல்ல.

வெப்பமும் இதையேதான் செய்யும். உடற்பயிற்சிக்குப் பிறகு சில நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தாஃப் கவனித்து எழுதினார். உடல்வெப்பம் கூடுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. உடல்வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அறிகுறி தலைகாட்டும். நம் ஊரில் கத்திரி வெயில் நாட்களில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அடுப்பின் முன் நின்று தாளிக்கும் பத்து நிமிடம் போதும், கண்முன் புகை படிந்தாற்போல் ஆகிவிடும். அந்த நேரத்தில் யாரோ ஒருவரோடு வாக்குவாதமும் நடந்திருந்தால், பழி முழுவதும் டென்ஷன்மேல் விழுந்துவிடுகிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நிழலிலோ விசிறியின் கீழோ உட்கார்ந்து, மெல்ல மெல்லக் குளிர்ந்த நீரைக் குடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்துவிட்டால் வெப்பம்தான் காரணமாக இருந்திருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. சிறுநீர்த் தொற்று எம்.எஸ். நோயாளிகளுக்கு எரிச்சல், வலி எதுவும் இல்லாமலே வரலாம். நடை தள்ளாடுவது மட்டுமே அதன் அடையாளமாக இருக்கும். ஆகவே அறிகுறி ஒரு நாளைக் கடந்து நீடித்தால் மருத்துவரை அழையுங்கள். மறுதாக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னால் அதை அலைக்கழிப்பாக எண்ண வேண்டாம். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றுவது வேறு தொல்லையில் கொண்டுபோய் விடும்.

மார்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருக்கிறது. பதற்றமா, இதயமா?

தண்டுவடத்தில் உள்ள புண்ணால் விலா எலும்புகளைச் சுற்றி இத்தகைய இறுக்கம் எம்.எஸ். நோயில் வருவதுண்டு. பதற்றத்திலும் இது வரும். பதற்றம் இறுக்கத்தைக் கூட்ட, இறுக்கம் பதற்றத்தைக் கூட்டும். ஆனால் முதல்முறை வரும்போது, குறிப்பாக வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை கூடவே இருந்தால், எம்.எஸ்.தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இதயம் நன்றாக இருக்கிறது என்பது ஒருமுறை உறுதியானால், அடுத்த முறை இறுக்கம் வரும்போது அச்சம் பாதியாகக் குறையும்.

"கவலைப்படாதே, டென்ஷன் உனக்கு ஆகாது" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் கவலைப்படாமல் இருப்பது?

இருக்க முடியாது. அந்த அறிவுரை நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், கவலைப்பட்டுவிட்டோமே என்ற இன்னொரு கவலையைத்தான் நோயாளியின் தலையில் ஏற்றுகிறது. சண்டை வந்தால் நோய் கூடிவிடும் என்று பயந்து வீட்டில் எதையும் பேசாமல் விழுங்குகிறவர்கள் உண்டு. கடன் விவரத்தை நோயாளியிடமிருந்து மறைக்கும் குடும்பங்களும் உண்டு. பாதி காதில் விழுந்து மீதியைக் கற்பனை செய்துகொள்ளும்போது பாரம் கூடுமே தவிரக் குறையாது.

எம்.எஸ். நோயாளி மன அழுத்தம் என்று சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி பெயர் சொல்லக்கூடிய, தனித்தனியான தொல்லைகளாகவே இருக்கும். அடுத்த மாத மருந்துக்குப் பணம், கழிப்பறை இல்லாத பயணம், மேலதிகாரிக்குச் சொல்வதா வேண்டாமா என்ற தவிப்பு, இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருப்பது என்று அவை நீளும். மனத்தைச் சாந்தப்படுத்துவதைப் பற்றி யோசிக்கும் முன், இவற்றில் எதைக் கைவைத்து நீக்க முடியும் என்று பார்ப்பதே முறை. ஒரு வாரத்துக்கு ஒரு சிறு நோட்டில், மனம் கலங்கிய நேரம், அப்போது நடந்தது, முந்தைய இரவின் தூக்கம், உடல் அறிகுறி ஆகிய நான்கை மட்டும் இரண்டு வரியில் குறித்து வாருங்கள். கலக்கத்தின் ஒரு பகுதியேனும் எங்கே கூடுகட்டியிருக்கிறது என்பது வார முடிவில் தெரிந்துவிடும். இரவில் எழுவதுதான் காரணம் என்றால் அதற்குச் சிறுநீர்ப்பை மாத்திரை இருக்கிறது. பணம்தான் காரணம் என்றால், அதே மூலமருந்தை வேறு நிறுவனங்கள் விற்கும் ஜெனரிக் வடிவம் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். டைமெத்தில் ஃபியூமரேட் போன்ற எம்.எஸ். மருந்துகள் இந்தியாவில் அப்படிக் கிடைக்கின்றன.

நீக்க முடியாதவையும் உண்டு. நாளை எப்படி இருப்போம் என்ற நிச்சயமின்மை இந்நோயின் இயல்பு. அதற்கு ஆறுதல் வார்த்தை எதுவும் சரியாகப் பொருந்துவதில்லை. அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை எனப்படும் சி.பி.டி. முறையில் தேர்ந்த உளவியலாளரிடம் சில அமர்வுகள் செல்வது இங்கேதான் பயன் தருகிறது. எண்ணத்தையும் நடந்த நிகழ்வையும் பிரித்துப் பார்க்க அது பழக்குகிறது.

பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள். என் சோர்வை எப்படிப் புரிய வைப்பது?

எம்.எஸ். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்குக் கடும் சோர்வு உண்டு. இது வேலை செய்த களைப்பு அன்று. காலையில் எழும்போதே பேட்டரி இறங்கிய கைப்பேசியைப்போல் இருக்கும் நிலை. கண்ணுக்குத் தெரியாத இந்த அறிகுறியைச் சோம்பல் என்று பிறர் எண்ணுவதே பலருக்கு நோயைவிடப் பெரிய மன உளைச்சலாகிறது. பொதுவாக "முடியவில்லை" என்று சொல்வதைவிட, "மாலை நான்கு மணிக்கு மேல் என்னால் நின்றுகொண்டு சமைக்க முடியாது, காய் நறுக்குவதைக் காலையிலேயே உட்கார்ந்து முடித்துவிடுகிறேன், இரவு தோசையை நீங்கள் வார்த்துக்கொள்ளுங்கள்" என்று நேரத்தையும் வேலையையும் குறித்துச் சொன்னால் குடும்பத்தார் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு வாழ்க்கைத் துணையையோ மாமியாரையோ உடன் அழைத்துச் சென்று, சோர்வு நோயின் பகுதி என்பதை மருத்துவர் வாயாலேயே சொல்ல வைப்பதும் உதவும். நாம் பத்து முறை சொன்னதைவிட அவர் ஒருமுறை சொல்வது வீட்டில் எடுபடுகிறது என்பது வருத்தமான உண்மை.

சோர்வுக்குள் வேறு காரணங்கள் ஒளிந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கக் கெடுதல், தசை இறுக்கத்துக்குத் தரும் மாத்திரைகளின் மந்தம் ஆகியவை சரிசெய்யக்கூடியவை.

பயணம் என்றாலே பதற்றமாகிறது. வழியில் கழிப்பறை கிடைக்காதே?

இந்தப் பயத்தால் முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம், குறிப்பாகப் பெண்கள். அது எதிர்விளைவைத்தான் தரும். அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டுவதோடு தொற்றுக்கும் வழி வகுக்கும். நாள் முழுவதும் அளவாகக் குடித்து, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைத்துக்கொள்வதும், காபியையும் டீயையும் அன்று தவிர்ப்பதும் நல்லது. பேருந்து மோட்டலில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டிய பயணத்தைவிட, கழிப்பறை உள்ள ரயில் மேலானது. பெரியவர்களுக்கான டயப்பரை நீண்ட பயணத்துக்கு மட்டும் அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீர் அவசரத்துக்கு மருந்துகள் இருக்கின்றன, கேட்டால்தான் தருவார்கள்.

தியானம், மூச்சுப் பயிற்சி, யோகாசனம் உண்மையில் உதவுமா?

உதவும், அளவோடு. 150 எம்.எஸ். நோயாளிகள் பங்கேற்று 2010-இல் வெளியான ஆய்வில், மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனக்கவனப் பயிற்சியை எட்டு வாரம் பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் உடற்சோர்வும் குறைந்தன. ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பலன் பெருமளவு நீடித்தது. நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவதை ஐந்து நிமிடம் செய்தால் போதும். மூச்சை அடக்கிவைக்கும் பயிற்சியும், வேகவேகமாக விடும் கபாலபாதியும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல.

இந்த மூச்சுப் பயிற்சி எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மிகவும் கைகொடுக்கும். உள்ளே தள்ளும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு, காதடைப்பானை மீறிக் கேட்கும் அந்தத் தடதடப்பைத் தடுக்க முயலாமல், மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள். கையில் தரும் அழுத்துபந்தை அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள் என்ற நினைப்பே பலருக்குத் துணையாக இருக்கிறது. மூடிய இடத்தைக் கண்டு கடும் அச்சம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், லேசான மயக்க மாத்திரை தரவும் வழி உண்டு.

யோகாசனத்தை விடியற்காலைக் குளிர்ச்சியில், சுவரருகில் செய்யுங்கள். சமநிலை குறைந்தவர் விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்ய வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்தே செய்யும் ஆசனங்கள் இருக்கின்றன.

நடைப்பயிற்சி நோயைக் கூட்டிவிடாதா?

கூட்டாது. உடற்பயிற்சி மறுதாக்கத்தை உண்டாக்குவதில்லை. மனநிலை, தூக்கம், சோர்வு மூன்றையும் மேம்படுத்துகிறது. பயிற்சியின்போது தோன்றும் மரமரப்பு உடல் குளிர்ந்ததும் போய்விடும். முடிந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எட்டலாம்.

டென்ஷனைத் தணிக்கச் சிகரெட் பிடிக்கிறேன். விட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஆம். புகைப்பழக்கம் நோயின் போக்கை மோசமாக்குவதாகப் பல ஆய்வுகள் ஒருமித்துக் காட்டுகின்றன. இந்தப் பக்கத்தில் தயக்கமின்றி ஆம் என்று சொல்லக்கூடிய பதில்களில் இது ஒன்று.

எனக்கிருப்பது வெறும் கவலையா, மனச்சோர்வு நோயா?

எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார்கள். சூழ்நிலையின் பாரம் மட்டும் இதற்குக் காரணமன்று. மூளையில் உள்ள அழற்சியும் புண்களும் நேரடியாகவே மனநிலையைப் பாதிக்கக்கூடியவை. எனவே, "மனத்திடம் இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்வதில் பொருளில்லை. பிடித்தமான எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத குற்ற உணர்வு, பசியும் தூக்கமும் கெடுவது, எதிர்காலமே இருண்டுவிட்டதாகத் தோன்றுவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. சோர்வால் சீரியல் பார்க்க உட்கார முடியவில்லை என்பது ஒன்று; பார்க்கும் ஆசையே போய்விட்டது என்பது வேறு. இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு நிலையும் இதனோடு குழப்பப்படுகிறது. பத்தில் ஒருவருக்கு, உள்ளே துயரம் இல்லாமலே அடக்க முடியாத அழுகையும், சாவு வீட்டில்கூடக் கட்டுப்படாத சிரிப்பும் வரும். உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் பாதிக்கப்படுவதால் வருவது இது. புத்தி பேதலித்துவிட்டது என்று உறவினர்கள் பயப்படுவார்கள். இதற்கு மருந்து உண்டு.

வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. இலங்கையில் உள்ளவர்கள் தேசிய மனநல உதவி எண்ணான 1926-ஐ அழைக்கலாம். அருகில் இருப்பவர் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் உங்களைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும்.

மனநல மாத்திரைகளை எம்.எஸ். மருந்தோடு சேர்த்து எடுக்கலாமா?

பெரும்பாலானவற்றை எடுக்கலாம். ஆனால் இதயத்துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடிய சில மனச்சோர்வு மருந்துகளை ஃபிங்கோலிமோட் என்ற எம்.எஸ். மருந்தை எடுப்பவர்களுக்குத் தருவதில் கவனம் தேவை. இரு மருத்துவர்களிடமும் இரு மருந்துச் சீட்டுகளையும் காட்டிவிடுங்கள். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின் போன்றவை நரம்பு வலிக்காகவும் எழுதப்படுகின்றன. மருந்துக் கடைக்காரரோ, இணையத்தில் தேடிப் பார்த்த தம்பியோ, "இது மனநோய் மாத்திரையாயிற்றே" என்று சொன்னதைக் கேட்டு அவற்றை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

ஸ்டீராய்டு ஏற்றிய பிறகு தூக்கமே இல்லை. எரிந்து எரிந்து விழுகிறேன். என்ன செய்வது?

மறுதாக்கத்துக்கு வழக்கமாக மெத்தில்பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றப்படுகிறது. வாயில் இரும்பை நக்கியதுபோன்ற கசப்பும், முகம் சிவப்பதும், இரவெல்லாம் விழித்திருப்பதும், தேவையில்லாத உற்சாகமோ கோபமோ வருவதும் அந்த மருந்தின் வேலை. காலையிலேயே ஏற்றிக்கொள்ளக் கேட்டால் தூக்கம் ஓரளவு தப்பும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த வாரத்தில் பாகப்பிரிவினை, வேலையை விடுவது போன்ற பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். மருந்து முடிந்தபின் சில நாட்கள் மனம் தொய்வதும் இயல்பே. மனக்குழப்பமோ சந்தேகமோ தலைக்கேறினால் உடனே தெரிவிக்க வேண்டும்.

மன அமைதிக்கு அஸ்வகந்தா எடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அது நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடும் என்ற ஐயம் உண்டு. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, எம்.எஸ். மருந்துகள் சிலவற்றுக்கே கல்லீரல் பரிசோதனை தேவைப்படும்போது இன்னொரு சுமையைச் சேர்ப்பது புத்திசாலித்தனம் அன்று.

வேலை செய்யும் இடத்தில் சொல்லலாமா?

இதற்குப் பொதுவான பதில் இல்லை. மறைப்பதன் பாரமும் சொல்வதன் விளைவும் ஆளுக்கு ஆள் வேறு. சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இடம்பெற்றுள்ளது. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ பொதுவாக இச்சட்டம் இடம் தருவதில்லை. அந்த வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இந்த அளவு கட்டாயம் இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று மருத்துவக் குழு சான்றளித்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். நடை நன்றாக உள்ளவருக்கு அந்தச் சதவீதம் கிடைப்பது கடினம் என்பதையும், சோர்வை அளக்கும் வழி அங்கே இல்லை என்பதையும் அறிந்துகொண்டு விண்ணப்பித்தால் ஏமாற்றம் குறையும்.

சொல்வதென்று முடிவெடுத்தால், நோயின் முழு வரலாற்றையும் விரிக்க வேண்டாம். குளிர்சாதனத்துக்கு அருகில் இருக்கை, மதியம் இருபது நிமிட ஓய்வு, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை என்று தேவையைக் கேட்பதே பயன்தரும்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது. நோயைச் சொன்னால் நின்றுவிடும் என்று வீட்டில் மறைக்கச் சொல்கிறார்கள்.

எம்.எஸ். உள்ள இளம்பெண்களுக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி அரிது. ஜாதகம் பொருந்தி, தேதி குறித்து, மண்டபம் பேசியபின் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவது எந்த வகையிலும் நோயாளிக்கு நன்மையாக முடிவதில்லை. மறைத்துத் திருமணம் செய்தவர்கள் ஊசியைக் குளிர்பதனப் பெட்டியில் எங்கே ஒளித்து வைப்பது என்று தவித்து, கடைசியில் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மறுதாக்கம் உண்மையை வெளியே கொண்டுவந்துவிடும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, மணமகனாக வரப்போகிறவரிடம் நேராகப் பேசி, அவரை ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே சரி என்பது எங்கள் கருத்து. சில சம்பந்தங்கள் நின்றுதான் போகும். அந்த வலியைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அந்தச் சந்திப்பில் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. எம்.எஸ். தொற்றுநோய் அன்று, தாம்பத்தியத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அது தடையில்லை. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-இல் 2 அல்லது 3 என்ற அளவிலேயே இருக்கிறது, அதுவும் நோய் அதிகமுள்ள மேலைநாடுகளின் கணக்கு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மறுதாக்கம் குறைகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுகிறது. ஆகவே தாய்வீட்டில் கூடுதல் உதவியை அந்த மாதங்களுக்கென்று திட்டமிட்டு வைக்கலாம். ஃபிங்கோலிமோட், டெரிஃப்ளுனோமைடு போன்ற மருந்துகளோடு கர்ப்பம் கூடாது என்பதால், எதிர்பாராமல் கருவுற்றுப் பதறுவதைவிட முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் நோயாளி அல்ல. என் மனைவியைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் தாங்கவில்லை. இதைச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். பார்த்துக்கொள்பவர்களின் மனச்சோர்வும் ஆய்வுகளில் நன்கு பதிவானதே. முழுப்பொறுப்பும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் பெரும்பாலும் உடைக்கிறது. வாரத்தில் ஒரு அரைநாளை உங்களுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்துக்கு அண்ணியோ மைத்துனரோ வந்து இருக்க வேண்டும் என்று கேளுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்" என்ற உறவினரிடம் கிழமையையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். நோயாளி தானே செய்யக்கூடியதை அவர் மெதுவாகச் செய்தாலும் அவரிடமே விடுங்கள். அதில் இருவருக்கும் நன்மை. 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. நோயாளிகளோடு அவர்களின் குடும்பத்தாரும் அதனை அணுகலாம்.

மருத்துவரிடம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. இதையெல்லாம் எப்போது சொல்வது?

புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்ததும் ஸ்கேன் படத்தை நீட்டினால் பேச்சு ஸ்கேனோடு முடிந்துவிடும். ஒரு காகிதத்தில் மூன்று வரிகளை எழுதி முதலிலேயே கொடுங்கள். கடந்த சந்திப்புக்குப் பிறகு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்த புதிய அறிகுறி எது, தூக்கமும் மனநிலையும் எப்படி இருக்கின்றன, இன்று உங்களுக்குக் கட்டாயம் பதில் வேண்டிய ஒரே கேள்வி எது என்பவைதான் அந்த மூன்று வரிகள். மருந்தைச் சில நாட்கள் தவறவிட்டிருந்தால் நான்காவது வரியாக அதையும் எழுதுங்கள். திட்டுவாரோ என்று அஞ்சி மறைத்தால், மருந்து பலன் தரவில்லை என்று எண்ணி அவர் இன்னும் வீரியமான மருந்துக்கு மாற்றிவிடக்கூடும்.